பக்தியுள்ள மனைவி, பாசமுள்ள தாய்: அன்னாள் சத்தியநாதனை எப்படி நினைவுகூர்வது?

நம் ஊர்களில் ஒரு கிறித்தவப் பெண் இறந்துபோனால் அச்சாகும் நினைவு அட்டையின் வாசகம் நமக்கெல்லாம் மனப்பாடம். கர்த்தருக்குள் நித்திரை அடைந்தவர். பக்தியுள்ள மனைவி, பாசமுள்ள தாய், அருமைப் பாட்டி. அடுத்து கணவர் பெயர் வரும். அதன்பின் பிள்ளைகளின் பெயர்கள், அவரவர் படிப்போடும் பதவியோடும் வரும். இந்து வீடுகளின் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளிலும் கடவுள் பெயர் மாறுமே தவிர வரிசை மாறாது. எழுபது எண்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒருத்தி மூன்று உறவுப் பெயர்களுக்குள் அடங்கிவிடுகிறாள். அவள் என்ன செய்தாள் என்று சொல்லும் ஒரு வினைச்சொல்கூட அந்த அட்டையில் இருப்பதில்லை. இருக்கும் ஒரே வினை, அவள் இறந்துபோனதைச் சொல்வது.

இந்தச் சொற்கள் பொய்யானவை என்று நான் சொல்ல வரவில்லை. பக்தியும் பாசமும் அவர்கள் உண்மையாகவே வாழ்ந்தவை. உயிரோடு இருந்து கேட்டிருந்தால் அவர்களே இப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பார்கள். ஆனால் இச்சொற்கள் ஒரு வேலையைச் செய்கின்றன. ஒரு பெண்ணின் உழைப்பு முழுவதையும் அவளுடைய குணமாக மாற்றிவிடுகின்றன. குணத்துக்குக் கூலி கிடையாது, வரலாறும் கிடையாது. பெண்ணிய வாசிப்பு இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒரு தமிழ்க் கிறித்தவப் பெண்ணை வைத்துப் பேசிப் பார்க்கலாம். அவர் அன்னாள் சத்தியநாதன். இலக்கிய மாணவிகளில் சிலருக்கு அவரைக் கிருபாபாய் சத்தியநாதனின் மாமியார் என்று தெரிந்திருக்கும். பலருக்கு அதுவும் தெரியாது.

மகள் வழியே போன பதவி

அன்னாள், ஜான் தேவசகாயத்தின் மகள். தரங்கம்பாடி மரபில் வந்தவர் தேவசகாயம். தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்று அவரைச் சபை வரலாறுகள் குறிப்பிடும். திருநெல்வேலிச் சீமையில் கடாட்சபுரத்தில் பணியாற்றியவர். அவருடைய மனைவி முத்தம்மாள் அங்கே பெண்பிள்ளைகளுக்கான பள்ளிப் பணியில் இறங்கியவர். ஆக, அன்னாள் வளர்ந்த வீட்டில் பெண் எழுத்துக் கற்பதும் கற்பிப்பதும் வழக்கமாகவே இருந்தன. தமிழகத்தின் பெரும்பாலான வீடுகளில் பெண்ணுக்கும் ஏட்டுக்கும் தொடர்பே இல்லாதிருந்த காலம் அது. 1901 கணக்கெடுப்பிலும் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்த வீட்டின் அருமை புரியும்.

அன்னாளின் கணவர் டபிள்யூ. டி. சத்தியநாதன். திருநெல்வேலியில் இந்துக் குடும்பத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் படிக்கும்போது கிறித்தவத்தைத் தழுவியவர். 1860களின் தொடக்கத்தில் தம்பதியர் சென்னைக்கு வந்தனர். சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகராக அவர் பணியாற்றினார். 1892இல் அவர் மறைந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் மருமகன் டபிள்யூ. டி. கிளார்க்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். தேவசகாயம், அவர் மருமகன் சத்தியநாதன், அவர் மருமகன் கிளார்க் என்று மூன்று தலைமுறைப் போதகர்கள். சபை வரலாற்றில் இது மூன்று ஆண்களின் வரலாறாகத்தான் எழுதப்படுகிறது. ஆனால் இவர்களை ஒருவரோடு ஒருவர் இணைப்பது இரண்டு பெண்கள்: முதல் இணைப்பு அன்னாள், இரண்டாவது அன்னாளின் மகள். தந்தையிடமிருந்து மகனுக்குப் போனால் நாம் அதை வாரிசு என்கிறோம். மாமனாரிடமிருந்து மருமகனுக்குப் போகும்போது நடுவில் இருக்கும் பெண் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறாள். போதகர் வீட்டில் பிறந்து, அந்த வீட்டின் ஒழுங்கும் ஜெபமும் பாட்டும் விருந்தோம்பலும் கைவந்த பெண்ணைத்தான் இளம் போதகருக்குக் கட்டிவைத்தார்கள். அவள் கொண்டுபோன சீதனம் அந்தப் பயிற்சி. ஆனாலும் பீடத்தில் ஏறும் உரிமை அவளுக்கு இல்லை. தென்னிந்தியத் திருச்சபையில் முதல் பெண் பேராயராகப் புஷ்பலலிதா நந்தியால் மறைமாவட்டத்துக்குப் பொறுப்பேற்றது 2013இல்தான். அன்னாளின் காலத்துக்கும் அதற்கும் நடுவே நூறாண்டுக்கும் மேலான போதகர் மனைவிகளின் உழைப்பு கிடக்கிறது.

சின்னத் தறிப் பேட்டையில் ஒரு பள்ளி

சிந்தாதிரிப்பேட்டை என்ற பெயரைக் கேட்டதும் காஞ்சிபுரத்தில் வேலை பார்க்கும் எனக்கு எங்கள் ஊர்த் தெருக்கள் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் சின்னத் தறிப் பேட்டை என்பதன் மருவிய வடிவம். 1734இல், ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி தனக்கு வேண்டிய துணியை நெய்து வாங்குவதற்காக நெசவாளர்களையும் அவர்களைச் சார்ந்த தொழிலாளர்களையும் கூவத்தின் வளைவில் குடியமர்த்திய பேட்டை அது. நூற்றிமுப்பது ஆண்டுகள் கழித்து அன்னாள் அங்கே வந்தபோது அது நகரத்தின் நடுவே கோயிலும் கடையும் பல சாதித் தெருக்களுமாக நெருங்கிப் போயிருந்தது.

அன்னாள் அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சிறு அளவில் தொடங்கிய முயற்சி நாளடைவில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளாக வளர்ந்தது. அதோடு வீடுகளுக்குள் போய்ப் பெண்களுக்குக் கற்பிக்கும் ஜெனானா பணியையும் மேற்கொண்டார். ஜெனானா என்பது வடநாட்டு அந்தப்புரத்தைக் குறிக்கும் சொல். சென்னையில் அந்த அளவு மறைப்பு எல்லா வீடுகளிலும் இல்லை. ஆனாலும் பூப்பெய்திய பெண், மணமான பெண் தெருவில் இறங்கிப் பள்ளிக்குப் போவது நடவாத காரியம். உடலுறவுக்கான சம்மத வயது பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்ந்ததே 1891 சட்டத்தால்தான். அதுவும் எவ்வளவு எதிர்ப்புக்குப் பிறகு! அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெண்ணின் படிப்புக் காலம் மிகக் குறுகியது. எட்டு வயதில் பள்ளிக்கு வந்தால் பத்து வயதில் நின்றுவிடுவாள். நின்றபிறகு அவளைத் தேடி வீட்டுக்குப் போனால்தான் எழுத்து மறக்காமல் இருக்கும். பள்ளியையும் வீட்டுப் போதனையையும் சேர்த்தே நடத்த வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பணியைப் புகழும்போது இரண்டு விஷயங்களை மறைக்கக் கூடாது. ஒன்று, அது மதம் பரப்பும் பணி. எழுத்தும் தையலும் வேதாகமக் கதையும் ஒன்றாகத்தான் வீட்டுக்குள் போயின. அன்னாள் அதை மறைத்ததில்லை. அவருக்கு அது கடமை. இரண்டாவது, இப்பணி தேடிப் போனது பெரும்பாலும் சாதி இந்து வீடுகளை. வெளியே வரமுடியாத பெண்கள் அங்கேதான் இருந்தார்கள் என்பது காரணம். ஆனால் அதே காலத்தில் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு வெளியே வருவது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. வெளியே எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதுதான் பிரச்சினை. தென் திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டு, 1859இல் அரச அறிவிப்பு வந்ததை நாம் அறிவோம். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் பின்னும் பயிற்சியால் பெண்கள் கையில் காசு பார்த்ததும் அதே நூற்றாண்டில்தான். கிறித்தவப் பெண் என்றால் ஒரே வகை இல்லை. போதகர் வீட்டுப் பெண்ணின் கதை எல்லோருடைய கதையாகவும் ஆகிவிடாது.

இவற்றையெல்லாம் ஒத்துக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அன்னாள் செய்த வேலையின் பெயர் என்ன? பள்ளி நிர்வாகம், ஆசிரியர் பயிற்சி, வீடுவீடாகக் கற்பித்தல், கணக்கு, கடிதப் போக்குவரத்து. இன்றைக்கு ஒருவர் இதைச் செய்தால் தாளாளர், தலைமை ஆசிரியர், களப்பணியாளர் என்று மூன்று பதவிகள் சொல்வோம். அன்றைய மிஷன் நடைமுறையில் சம்பளம் கணவருக்கு. மனைவியின் வேலை அந்தச் சம்பளத்துக்குள் அடக்கம். அவளுடைய பதவியின் பெயர் மனைவி. ஜெனானாப் பணியில் சேர்ந்த வேதாகமப் பெண்களுக்காவது சிறு ஊதியம் இருந்தது. அவர்களை வழிநடத்திய போதகர் மனைவிக்கு அதுவும் கிடையாது.

நல்ல தாய்

அன்னாள் தமிழில் ஒரு சிறு நூல் எழுதினார். பெயர் ‘நல்ல தாய்’. குழந்தை வளர்ப்பு பற்றியது. பல பதிப்புகள் கண்டது. தமிழ்ப் பெண் உரைநடையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கதையையும் கவிதையையும் தேடுவதால் இப்படிப்பட்ட நூல்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். அறிவுரை நூல்தானே என்று ஒதுக்கிவிடுவோம். அதிலும் நல்ல தாய் என்ற தலைப்பு பெண்ணியவாதிகளான நமக்கு உடனே எரிச்சலூட்டும். நல்ல என்ற அடைமொழியால் எத்தனை பெண்கள் கட்டுண்டு கிடந்தார்கள் என்று நமக்குத் தெரியும்.

எரிச்சலைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, அந்தத் தலைப்பு எந்தச் சூழலில் வந்தது என்று பார்க்கலாம். அதுவரை தமிழில் பெண்ணுக்கு நன்மை சொன்ன நூல்களை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மனைமாட்சியும் வாழ்க்கைத் துணைநலமும் பேசியவர்கள் பெண் எப்படி இருந்தால் ஆணுக்குப் பெருமை என்ற கோணத்தில் பேசினார்கள். தாய்மை அங்கே போற்றப்பட்டது. ஒரு வேலையாக விளக்கப்படவில்லை. தாயான ஒருத்தி, பிற தாய்மாரை நோக்கி, பிள்ளை வளர்ப்பு கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வேலை என்று அச்சில் பேசுவது வேறு காரியம். கற்றுக்கொள்ள வேண்டிய வேலை என்றால் அதற்குக் கல்வி வேண்டும். தாய்க்குக் கல்வி வேண்டும் என்றால் பெண்ணுக்குப் பள்ளி வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெண்கல்வி வாதம் முழுவதும் இந்தப் படிக்கட்டில்தான் ஏறியது. நல்ல தாய் ஆவதற்காகப் படிக்கட்டும் என்று சொல்லித்தான் கதவைத் திறந்தார்கள். படித்தவள் அந்தக் காரணத்தோடு நின்றுகொள்ளவில்லை.

இந்த வாதத்துக்கு ஒரு விலையும் இருந்தது. தாய்மைக்காகப் படிப்பு என்று ஏற்றுக்கொண்டதால், தாயாகாத பெண்ணுக்கும் தாயாக விரும்பாத பெண்ணுக்கும் படிப்பு எதற்கு என்ற கேள்வி நூறாண்டுகள் நீண்டது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் ஒழுங்கான இல்லம் என்ற கனவும் அதில் கலந்திருந்தது. சத்தியநாதன் தம்பதியர் 1878இல் இங்கிலாந்து போய்வந்தவர்கள். மிஷன் ஆதரவாளர்களின் பார்வையில் அன்னாள் இந்தியப் பெண் எப்படி மாறலாம் என்பதற்கு ஒரு சான்று. சான்றாக நிற்பது சுலபமான வேலை இல்லை. எந்நேரமும் நல்லவளாகவே தெரிய வேண்டும்.

அந்த வீட்டுக்கு வந்த மருமகள்

1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க பம்பாய் மாகாணத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். பெயர் கிருபாபாய். அகமத்நகரில் 1862இல் பிறந்தவள். பெற்றோர் பிராமண மரபிலிருந்து கிறித்தவத்துக்கு வந்தவர்கள். இங்கிலாந்து போய் மருத்துவம் படிக்கும் வாய்ப்பு உடல்நிலை காரணமாகக் கைநழுவியது. சென்னைக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அறிமுகமில்லாத நகரத்தில், மொழி தெரியாத ஊரில், இளம்பெண்ணுக்கு எங்கே தங்க இடம் கிடைக்கும்? சத்தியநாதன் வீட்டில் கிடைத்தது.

முதலாண்டில் நன்றாகப் படித்தாள். அதன்பின் உடல் ஒத்துழைக்கவில்லை. மருத்துவப் படிப்பு நின்றது. கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய அந்த வீட்டு மகன் சாமுவேலை 1883இல் மணந்தாள். உதகையில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினாள். பின்னர் எழுதினாள். ‘சகுணா’ 1887–88இல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. தன் வாழ்க்கையையே நாவலாக்கிய முதல் இந்தியப் பெண்களில் அவரைச் சேர்ப்பார்கள். ‘கமலா’ 1894இல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், முப்பத்திரண்டு வயதில், காசநோயில் அவர் இறந்தார். இரண்டு நாவல்களும் 1896இல் தமிழிலும் வெளிவந்தன.

கிருபாபாயைப் பெண்ணிய இலக்கிய வரலாறு கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டும். கேள்வி கேட்கும் பெண், படிக்கத் துடிக்கும் பெண், தன் பெயரில் எழுதிய பெண். அன்னாள் அப்படி இல்லை. அவர் கேள்வி கேட்டதற்கான பதிவு நம்மிடம் இல்லை. வேலை செய்ததற்கான பதிவு இருக்கிறது. நம் வரலாற்றெழுத்துக்குக் கலகக்காரியை அடையாளம் காணத் தெரியும். கணவனை மதித்து, ஆலயத்துக்குப் போய், பிள்ளைகளைப் பெற்று, அதே நேரத்தில் பல பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவளை எந்தப் பட்டியலில் வைப்பது என்று தெரியாமல் விழிக்கிறோம். பண்டித ரமாபாயின் வாழ்க்கை நமக்கு எளிதாகப் புரிகிறது. அவர் கணவனை இழந்தவர், தனியே நின்றவர், சபைத் தலைமையோடு வாதாடியவர். அன்னாளைப் போன்றவர்கள் குடும்பத்துக்குள் நின்றபடியே காரியம் செய்தவர்கள். கலகம் செய்தவளுக்குத் தங்க ஒரு வீடு வேண்டியிருந்தது. அந்த வீட்டில் படிக்கிற பெண் அதிசயப் பிறவியாகப் பார்க்கப்படாமல் இருப்பதற்கு அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருபது முப்பது ஆண்டுகள் உழைத்திருக்க வேண்டும். சென்னையில் அப்படிப்பட்ட வீடுகள் அன்று விரல்விட்டு எண்ணக்கூடியவை.

பார்க்காத பேத்தி எழுதிய புத்தகம்

அன்னாள் 1890இல் இறந்தார். கிருபாபாய்க்குப் பிறந்த ஒரே குழந்தையும் தங்கவில்லை. சாமுவேல் 1898இல் இரண்டாவதாக மணந்த கமலா சத்தியநாதன் இந்த மாமியாரைப் பார்த்ததே இல்லை. ஆனால் வீட்டின் பழக்கம் தொடர்ந்தது. தென்னிந்தியப் பெண்களில் முதன்முதலாக எம்.ஏ. பட்டம் பெற்றவர்களில் ஒருவரான கமலா, 1901இல் ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். இந்தியப் பெண் ஒருவர் பெண்களுக்காக நடத்திய முன்னோடி ஆங்கில இதழ் அது. 1905இல் அந்த இதழில்தான் வங்காளத்து ரொக்கையாவின் ‘சுல்தானாவின் கனவு’ வெளிவந்தது. அந்தக் கதையில் நாட்டைப் பெண்கள் ஆள்கிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். மாமியார் பெண்களைத் தேடி அந்தப்புரத்துக்குள் போனவர். மருமகளின் இதழ் அந்தப்புரத்தையே தலைகீழாக்கிய கதையை அச்சிட்டது. இரண்டுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள்தான்.

1906இல் சாமுவேல் ஜப்பானில் இறந்தபோது கமலாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கைக்குழந்தைகளோடு இதழையும் நடத்தி, பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்துக் குடும்பத்தையும் நடத்தினார். அவருடைய மகள் பத்மினி சென்குப்தா பின்னாளில் எழுத்தாளரானார். தாயின் வாழ்க்கையை 1956இல் நூலாக எழுதினார். சரோஜினி நாயுடு, ரமாபாய் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளையும் எழுதினார். 1960இல் அவர் வெளியிட்ட இன்னொரு நூல் இந்தியாவின் பெண் தொழிலாளர்களைப் பற்றியது. ஆலையிலும் சுரங்கத்திலும் தோட்டத்திலும் உழைக்கும் பெண்களைக் கணக்கெடுத்துப் பேசுவது. நல்ல தாய் எழுதிய பாட்டியிடமிருந்து பெண் தொழிலாளர் பற்றி எழுதிய பேத்திவரை வந்த இந்தப் பாதையை நான் மாணவிகளுக்குச் சொல்லும்போதெல்லாம் பாட்டியும் ஒரு தொழிலாளிதான் என்பதைச் சேர்த்துச் சொல்வேன். இந்தக் குடும்பத்துப் பெண்களின் எழுத்துகளை யூனிஸ் டிசோசா தொகுத்துச் சாகித்திய அகாதெமி 2005இல் வெளியிட்டது. ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு அப்படி ஒரு தொகுப்பு கிடைத்திருக்கிறது. தமிழில் எழுதிய அன்னாளை எடுத்துப் பேச வேண்டியவர்கள் தமிழ்த்துறைகளில் இருக்கும் நாம்தான்.

தார் சுற்றும் கை

இதையெல்லாம் காஞ்சிபுரத்திலிருந்து பேசுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு பயிற்சி கொடுப்பேன். பாட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். அன்பு, பாசம், தியாகம், பக்தி ஆகிய நான்கு சொற்களைப் பயன்படுத்தக் கூடாது. முதல் பத்து நிமிடம் யாரும் எழுதமாட்டார்கள். பிறகு வினைச்சொற்கள் வரத் தொடங்கும்.

ஒரு மாணவி எழுதினாள். அவளுடைய பாட்டி கிறித்தவர். தாத்தா பட்டு நெசவு. பாட்டி காலையில் எழுந்து ஜெபித்துவிட்டு, சமைத்துவிட்டு, தார் சுற்ற உட்காருவார். ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றி நாடாவுக்குள் வைப்பதற்குத் தார் என்று பெயர். தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். கரைக்கென்று தனி நாடா. அதை எறிய இன்னோர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். தாத்தாவின் பக்கத்தில் அந்த ஆளாக இருந்ததும் பாட்டிதான். பாவு தீர்ந்து புதுப் பாவு வரும்போது ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழையோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும், அதற்கும் பாட்டி. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தைப் பெருக்கி, பாய் விரிப்பது. தினமும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துக் காணிக்கைப் பானையில் போடுவது. பல தமிழ்ச் சபைகளில் பெண்கள் வழிவழியாகச் செய்துவரும் பிடியரிசிக் காணிக்கை அது. அந்த ஒரு பிடி யாருடைய தட்டில் குறையும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சேலைக்கான கூலி தாத்தாவின் பெயரில் வந்தது. சபையின் கணக்குப் புத்தகத்தில் குடும்பக் காணிக்கை தாத்தாவின் பெயரில் ஏறியது. பாட்டி இறந்தபோது அட்டையில் பக்தியுள்ள மனைவி என்று அச்சிட்டார்கள்.

அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டியபோது வகுப்பில் பலர் தங்கள் பாட்டிகளும் அதையேதான் செய்தார்கள் என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர் இல்லை. பெருமாள் கோயிலுக்குப் போன பாட்டிகளும் காமாட்சியம்மனுக்கு விளக்குப் போட்ட பாட்டிகளும் அதே தாரைத்தான் சுற்றினார்கள்.

இந்த உழைப்பை எண்ணவே நாட்டுக்கு நெடுங்காலம் பிடித்தது. குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் செய்யும் வேலையும் வேலைதான் என்று கேள்வியிலேயே தெளிவாகச் சேர்த்தது 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான். 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் ஏறத்தாழ 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகவும் அவர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள் என்றும் சொன்னது. நெசவாளர் என்றதும் நம் மனதில் வரும் ஆண் உருவத்தை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மகளிர் உரிமைத்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது எங்கள் காஞ்சிபுரத்தில்தான். மாதம் ஆயிரம் ரூபாய். தொகை சிறிது, அதன் பெயரில் உதவி என்ற சொல் இல்லாமல் உரிமை என்ற சொல் இருப்பது பெரிது. வங்கிக் குறுஞ்செய்தி தன் பெயருக்கு வந்ததைப் பேத்தியிடம் காட்டச் சொல்லிக் கேட்ட பாட்டிகள் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள்.

குணசாலியின் கதிர்

கிறித்தவ வீடுகளில் நல்ல மனைவியைப் பற்றிப் பேசும்போது நீதிமொழிகளின் முப்பத்தோராம் அதிகாரத்தை எடுப்பார்கள். திருமணத்திலும் வாசிப்பார்கள், அடக்க ஆராதனையிலும் வாசிப்பார்கள். குணசாலியான பெண் என்ற சொல் அங்கிருந்து வருவது. அன்னாளும் அதைப் பலமுறை கேட்டும் படித்தும் இருப்பார். அந்த அதிகாரத்தைப் பொறுமையாகப் படித்தால் ஒன்று தெரியும். அந்தப் பெண் எந்நேரமும் வேலை செய்கிறாள். ஆட்டுமயிரும் சணலும் தேடுகிறாள். கதிரைக் கையில் பிடிக்கிறாள். துணி நெய்து விற்கிறாள், வியாபாரிகளிடம் கச்சைகளை ஒப்படைக்கிறாள். வயலை விசாரித்து வாங்குகிறாள். தன் சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள். பக்தி கடைசியில்தான் வருகிறது. முடிவில், அவள் கை உழைத்த பலன் அவளுக்கே சேர வேண்டும், ஊர் வாசலில் அவள் செய்கைகளே அவளைப் புகழ வேண்டும் என்று சொல்கிறது அந்தப் பகுதி.

நினைவு அட்டை எழுதுகிறவர்கள் இதிலிருந்து குணத்தை எடுத்துக்கொண்டு கதிரை விட்டுவிட்டார்கள். பலன் அவளுக்கு என்ற வரியையும் விட்டுவிட்டார்கள். பெண்ணிய வாசிப்பு என்று நாம் சொல்வது பல நேரம் மிக எளிய வேலைதான்: விட்டுப்போனதை மறுபடி எழுதிச் சேர்ப்பது.

அன்னாள் சத்தியநாதனைப் பக்தியுள்ள மனைவி, பாசமுள்ள தாய் என்று சொல்லலாம், அவர் மறுக்கமாட்டார். அத்தோடு இதையும் சொல்ல வேண்டும்: பெண்கள் படிக்கக் கூடாத ஊரில் பள்ளி நடத்தினார், வீடுவீடாகப் போய்க் கற்பித்தார், தமிழில் புத்தகம் எழுதினார், படிக்க வந்த ஒரு பெண்ணுக்குத் தங்க இடமுள்ள வீட்டை நடத்தினார். இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவிகள் இன்று வீட்டுக்குப் போனதும் பாட்டியிடமோ, பாட்டி இல்லையென்றால் அம்மாவிடமோ உட்கார்ந்து, அவர் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தேதியோடு எழுதிவையுங்கள். அவர் ஒன்றுமில்லை, சும்மா வீட்டில்தான் இருந்தேன் என்பார். அந்தப் பதிலை முதல் வரியாக எழுதிக்கொண்டு, பிறகு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.